தொகுத்தார் தொண்டு

பாட்டு இயற்றினாரைப் போற்றும் வழக்கம் நம்மிடையே பெரிதும் உண்டு. பாட்டைத் தேடித் தொகுத்தாரைப் போற்றும் வழக்கமோ மிகக் குறைவு. குறுந்தொகைப் புலவர் பலரின் பெயர்களை ஒப்புவிக்கவல்ல மாணவருள்ளும், அந்நூலைத் தொகுத்த பூரிக்கோவின் பெயரைத் தேர்வுக்கு முதல்நாள் மட்டுமே நினைப்பவர் பலர். புறநானூற்றைத் தொகுத்தவர் இன்னார் என்பதோ தெரியவே இல்லை. அப்பெரியார் அன்று தொகுத்திராவிடின் அப்பாடல்கள் நம் கைக்கு வந்திருத்தல் அரிது. இந்த நன்றிக் குறைவு ஏட்டுலகோடு நில்லாது திரைப்பட உலகினுள்ளும் புகுந்துள்ளது என்பதும், அதனால் நாம் அடைந்த இழப்பும் இனி அடையப்போகும் இழப்பும் பெரிய என்பதுமே நாம் ஈண்டுக் கூறப்புகுவன. அதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது ஏ. கே. செட்டியார் அவர்களின் வாழ்நாட்பணி.

செட்டியார் 1911-ஆம் ஆண்டு கோட்டையூரிற் பிறந்தவர். இளமையிலேயே பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டு, இரங்கூனில் ‘தனவணிகன்’ என்னும் பத்திரிகையின் ஆசிரியராய் இருந்தார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தபோது, அன்று காந்தியடிகளின் பிறந்தநாள் என்பதை நினைந்தார். அவர்தம் வாழ்க்கையைக் குறித்து உண்மைப்படம் ஒன்று ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பலிலேயே அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது 25. கையிற் பெரும்பொருள் இல்லை. அரசின் ஆதரவு கிட்டும் என்னும் நம்பிக்கைக்கோ இடமே இல்லை.

கதைப்படம் எடுப்போர் வேண்டிய காட்சியை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம். செட்டியாருக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1930-இல் தண்டிக் கடற்கரைக்கு நடந்த நடையை மீண்டும் நடத்திக் காட்டுமாறு எவரையும் கேட்டல் இயலாது. 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது கூடிய கூட்டத்தை மீண்டும் கூட்டுதலும் இயலாது. அவ்வக்காலத்தில், அவ்வவ்விடத்தில், யாரேனும் ஒருவர் படம் பிடித்திருந்தால் உண்டு; இன்றேல் இல்லை. ஆகவே அவர் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் சென்று, செய்திப்படக் கம்பெனிகளின் கிடங்குகளிலும் தனியார் பேழைகளிலும் கிடந்த சுருள்களைத் தேடினார். அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,00,000 மைல். திரட்டிய சுருள் 50,000 அடி. முப்பது ஆண்டுக்காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர் எடுத்தவை அவை என்பர். சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் அவர்களின் வரலாற்றைப் படித்த நமக்கு இவ்வலைச்சல் புதிதன்று. ஏட்டுக்குப் பதில் சுருள், அவ்வளவே.

திரட்டிய 50,000 அடியுள் படத்திற் சேர்த்தது 12,000 அடி. பேசும்படம் ஒரு நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி ஓடுவது. எனவே பார்ப்போர்முன் ஓடியது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. வெட்டி விடுத்தது ஏழு மணி நேரத்தளவு. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கே படத்தொகுப்பு என்னும் தொழிலின் அருமை விளங்கும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது, எதன்பின் எதை வைப்பது என்னும் தீர்ப்பு ஒவ்வோரடிக்கும் வழங்கப்படவேண்டும். அன்றியும், ஊமைப்படக் காலத்தில் நொடிக்குப் பதினாறு படமாக எடுத்த சுருளைப் பேசும்படத்திற்குரிய இருபத்துநான்கு என்னும் வேகத்தில் ஓட்டினால், நிதானமாக நடப்பவரும் துள்ளி ஓடுவார்போற் காணப்படுவர். பழஞ்சுருளைக் கையாளும் எவரும் எதிர்கொள்ளும் இடர்களுள் இஃது ஒன்று.

1940-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஆங்கிலேயர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, உலகப்போரின் நடுவே, ‘மகாத்மா காந்தி’ என்னும் அப்படம் தமிழ் விளக்கத்துடன் சென்னையில் வெளிவந்தது. பின்னர்த் தெலுங்கிலும் இந்தியிலும் ஆக்கப்பெற்று, 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பெற்றது. காந்தியடிகளின் வாழ்க்கையைக் கூறும் முழுநீள ஆவணப்படம் முதன்முதலிற் பேசிய மொழி தமிழ் என்பது நாம் மகிழத்தக்கது.

“பிறர் எடுத்த படங்களை ஒட்டிவைத்தவர் எங்ஙனம் கலைஞர் ஆவார்?” என வினவுவோர் உளர். அவர்க்கு நம் விடை இது. நாம் பயிலும் திருமறையில் மூன்றாம் சுவிசேஷத்தை எழுதிய லூக்கா, தாம் ஆண்டவரை நேரிற் கண்டதாகச் சொல்லவில்லை. கண்டோர் கூறியவற்றை ஆராய்ந்து வரிசைப்படுத்தியதாகவே தம் முன்னுரையிற் குறிக்கின்றார். அதனால் அந்நூல் அவருடையதன்று என்று யாரும் சொல்வதில்லை. இளைய குமாரன் உவமையும் நல்ல சமாரியன் உவமையும் அவருடைய நூலில் மட்டுமே காணப்படுகின்றன. அவர் கேட்டுத் திரட்டியிராவிடின் உலகம் அவற்றை இழந்திருக்கும்.

இன்னும் அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காணும் எவரும் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் நினைப்பர். அவ்விருவர் பாடல்களையும் ஏனை ஆழ்வார்கள் பாடல்களையும் நாலாயிரமாகத் தொகுத்த நாதமுனிகளை நினைப்பார் எத்தனை பேர்? யாத்திரிகர் சிலர் பாடிய பத்துப் பாடல்களைக் கேட்டு, எஞ்சியவை எங்கே எனத் தேடிப் புறப்பட்டவர் அவர் என வைணவ மரபு கூறுகின்றது. சமயம் வேறாயினும், தொகுத்தாரின் பெருமையை உணர்தற்கு அது தடையன்று.

“செட்டியார் காந்தியடிகளிடம் பேரன்பு பூண்டவர், அன்புடையார் செய்யும் தொகுப்பு நடுநிலையுடையதாகுமா?” என்பது மற்றொரு வினா. இவ்வினா நேர்மையானது, எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று. படத்தொகுப்பாளன் ஒரு பொய்ச்சொல்லும் சொல்லாமலே, இரண்டு மெய்க்காட்சிகளை அடுத்தடுத்து வைப்பதனால் மட்டுமே பொய்யை நிலைநாட்டிவிட இயலும். தொகையிற் சேர்ந்தது நிற்கும், சேராதது மாயும் என்பது பழந்தமிழ் நூல் வரலாறு நமக்குக் காட்டும் கடுமையான உண்மை. ஆயினும் இக்குறைக்கு மருந்து தொகுக்காதிருத்தல் அன்று. விடுத்ததையும் அழியாமற் காத்தலே மருந்து. காத்துவைத்தால், பின்வரும் ஒருவர் வேறொரு தொகுப்பைச் செய்து முன்னவரைத் திருத்துதல் கூடும்.

செட்டியாரின் ஏனைய பணிகளை நோக்கினும் இத்தொகுக்கும் உள்ளமே யாண்டும் காணப்படுகின்றது. 1943 முதல் அவர் நடத்திய ‘குமரி மலர்’ என்னும் மாத இதழில் மறைந்துபோன பழங்கட்டுரைகளைத் தேடியெடுத்து வெளியிட்டார். தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968-இல் ‘தமிழ்நாடு’ என்னும் நூலாக்கினார். உலகெங்கும் சுற்றித் தாமே எழுதிய பயண நூல்களிலும் தம்மைப் பற்றிப் பேசுவது மிகச் சிறிது. கண்ட மக்களைப் பற்றிப் பேசுவதே பெரிது. 1983-இல் மறையும்வரை அவர் இங்ஙனமே வாழ்ந்தார். தம்மை மறைத்துப் பொருளை விளக்குதல் தொகுப்பாளன் அறம்; அதனை அவர் படத்திலும் ஏட்டிலும் ஒருங்கே காத்தார்.

இத்தகையவர் பணிக்கு நாம் செய்த கைம்மாறு யாது? அப்படம் நெடுங்காலம் காணக்கிடைக்கவில்லை. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்களின் முயற்சியால் 2006-ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆங்கில வடிவத்தின் படி கிடைத்தது. தமிழில் பிறந்த படத்தை நாம் ஆங்கிலத்திற் கேட்கும் நிலை நேர்ந்துவிட்டது. உலகெலாம் சுற்றித் தேடியவரின் படத்தை நாம் உலகெலாம் சுற்றித் தேடவேண்டியதாயிற்று! இந்நிலை இப்படம் ஒன்றற்கே உரியதன்று. தமிழகத்தின் முதற் கதைப்படமாகிய ‘கீசக வதம்’ இன்று இல்லை. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீப்பற்றாவிடினும் தானே நைந்து பொடியாவது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இற்றான் தோன்றியது. 2003-இல் அந்நகரில் நேர்ந்த தீவிபத்திலும் பழஞ்சுருள்கள் பல அழிந்தன.

இவையெல்லாம் சென்னையையும் புனேயையும் சார்ந்த செய்திகள், நமக்கென்ன என்று வாளா இருத்தல் தகாது. நம் கல்லூரியிற் பயில்வோருள் இராஜபாளையத்தாரும் ஸ்ரீவில்லிபுத்தூராரும் உளர். காந்தியடிகள் 1927-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் இராஜபாளையத்திற்கு வந்தார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்காக வழங்கினார். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய பஞ்சாலையைத் தொடர்ந்து அவ்வூரின் முகமே மாறியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நாட்டின் பல பகுதிகளுக்குச் செல்கின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர்வடத்தை ஆயிரமாயிரவர் பற்றி இழுக்கின்றனர். முதல் ஆலையின் முதல் தலைமுறைத் தொழிலாளர் மறைந்துவிட்டனர். அடுத்த தலைமுறையினரும் முதுமை எய்திவிட்டனர். இவர்தம் முகமும் குரலும் எங்கே காக்கப்படுகின்றன?

அவை முற்றும் இல்லாமற் போகவில்லை என்பதே நாம் இங்கு வற்புறுத்துவது. 1980-களிலும் 1990-களிலும் இவ்விரண்டு ஊர்களிலும் நடந்த திருமணங்களிலும் விழாக்களிலும் எடுத்த வீடியோ நாடாக்கள் எத்தனையோ இல்லங்களின் பரண்களிற் கிடக்கின்றன. மணமக்களைக் காட்ட எடுத்த அந்நாடாவின் ஓரத்தில், இன்று இல்லாத தெருவும், இடிக்கப்பட்ட கொட்டகையும், வேலை முடிந்து ஆலை உடுப்போடே பந்திக்கு வந்தமர்ந்த தொழிலாளியும், நலுங்குப் பாட்டுப் பாடும் மூதாட்டியும் தற்செயலாகப் பதிந்திருப்பர். வரலாறு எழுதுவார்க்கு மணமேடையினும் அவ்வோரமே வேண்டுவது. ஆனால் நாடாவின்மேற் பூசிய காந்தப்பூச்சு உதிர்கின்றது, பூஞ்சை படர்கின்றது, அதனை ஓட்டும் கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. இன்னும் பத்தாண்டு தாழ்த்தால் நாடா இருந்தும் பயனில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உண்டு. ஒவ்வொரு கைப்பேசியிலும் படப்பெட்டி உண்டு. செட்டியார்க்கு இருந்தது பஞ்சம். நமக்கு வந்திருப்பது வெள்ளம். வெள்ளத்திலும் குடிநீர்க்குத் தவிப்பவர்போல, எடுப்பவர் பெருகியும் தொகுப்பவர் இன்றித் தவிக்கின்றோம்.

ஆகவே நம் தமிழ்த்துறைக்கு விண்ணப்பம் ஒன்று செய்ய விழைகின்றோம். சிறப்புத் தமிழ் மாணவர் இறுதியாண்டில் எழுதும் ஆய்வேட்டுக்கு ஈடாக, விரும்புவார் ஓர் ஆவணத் தொகுப்புப் படத்தை அளிக்க இசைவு தருக. இஃது இலக்கியம் அன்று என ஆசிரியப் பெருமக்கள் தடை கூறலாம். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் எனக் குறிப்பு அமைந்திருத்தலை நமக்குக் கற்பித்தவர் அவர்களே. அக்குறிப்பு இன்றேல் எத்தனை பாடல்களின் வரலாறு இருளில் ஆழ்ந்திருக்கும்! பரணிற் கிடக்கும் நாடாக்களுக்கு வேண்டுவதும் அத்தகைய குறிப்பே: எடுத்தவர் யார், காணப்படுபவர் யார், ஊர் எது, ஆண்டு எது, உரியவர் இசைவு தந்தாரா என்பன. இதனை எழுதத் தமிழ் மாணவரினும் தகுந்தார் யாவர்?

விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு நாடாவைக் கண்டுபிடித்து, உரியவர் இசைவோடு படியெடுத்து, குறிப்புடன் நூலகத்திற் சேர்த்தல் பெருஞ்செயல் அன்று. முழு நாடாவையும் வெட்டாது காத்து, அதிலிருந்து ஒரு மணி நேரப் படம் ஒன்றைத் தொகுப்போம். அது காந்தி கலை மன்றம் உள்ள இராஜபாளையத்திலும், ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும், அவ்வூர் மக்கள் முன்பே முதலில் காட்டப்பெறுக. தம் பாட்டியின் குரலைத் திரையிற் கேட்கும் ஒருவர், தம் பரணையும் அன்றே திறந்து பார்ப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எஞ்சியிருப்பதைச் சிதறாமற் சேர்த்தலும் இறைவன் திருமுன் தொண்டே. கப்பல் தளத்தில் நின்ற 25 வயது இளைஞர் ஒருவர் 1,00,000 மைல் செல்லத் துணிந்தார். நாம் செல்லவேண்டிய தொலைவு நம் வீட்டுப் பரண்வரைதான். அவ்வளவு தொலைவேனும் செல்வோமாக.