ரத்தத்தை ஊரிலேயே எடுக்கலாமே

சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர். நகரி, பலமநேர், குப்பம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பல தலைமுறைகளாக வேலூர் சிஎம்சி மருத்துவமனைதான். திருப்பதியிலும் இப்போது வசதி உண்டு. 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. தேவஸ்தான நிலத்தில் டாடா அறக்கட்டளை எழுப்பி 2022 மே மாதம் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. சிக்கல் ஆரம்பிப்பது நோயாளி வீடு திரும்பிய பிறகு, நோய் மீண்டும் வருகிறதா என்று கண்காணிப்பதில்.

பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாகவே பலரும் அறிவார்கள். ஆனால் அமெரிக்காவில் 1986-இல் அதற்கு முதல் அனுமதி கிடைத்ததே, ஏற்கெனவே நோய் வந்தவர்களைக் கண்காணிக்கத்தான். அறுவை முடிந்த ஆறு, எட்டு வாரங்களில் ரத்தத்திலுள்ள பிஎஸ்ஏ அளவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போக வேண்டும். பிறகு ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுமுறை பார்த்தாலும் அப்படியே இருந்தால் நோய் திரும்புவதாகக் கொள்கிறார்கள். கதிர்வீச்சு பெற்றவருக்குக் கணக்கு வேறு. புராஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருப்பதால் அளவு மெல்லத்தான் இறங்கும், நடுவில் தானாகவே ஏறி இறங்கவும் செய்யும். தொட்ட மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால்தான் கவலை. ஒற்றை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளும் வேண்டும், முடிந்தவரை ஒரே லேபிலிருந்து.

“உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்ற கேள்விக்கு 1999-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் பதில் இருக்கிறது. அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ ஏறத் தொடங்கியும் உடனே சிகிச்சை பெறாதவர்களுக்கு, நோய் வேறு இடத்துக்குப் பரவியது தெரிய ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. எட்டு ஆண்டு வலியில்லாமல் நடமாடுபவருக்குச் செக்கப்புக்குப் போகத் தோன்றுமா? ஆனால் திரும்பும் நோயைக் கதிர்வீச்சு கொடுத்துப் பிடிக்க ஏற்ற காலம், அளவு மிகக் குறைவாக இருக்கும் அந்தத் தொடக்கம்தான். (அறுவைக்குப் பின் வரும் சிறுநீர் கசிவைப் பற்றி மனைவியிடமே வாய் திறக்காத ஆண்கள், தாமாகப் போய்ப் பார்ப்பார்கள் என்று நம்புவது வீண்.)

முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் பிஎஸ்ஏ பார்ப்பது பொதுவான வழக்கம். தேவைப்படுவது ஒரு சிறு குழாய் ரத்தம். அதற்காகக் கூலி வேலையை விட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வேலூர் போகக் காட்பாடிக்கு ரயிலேற வேண்டுமா?

ஊர் ஊராக வரும் 104 நடமாடும் மருத்துவ வண்டி சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறது. பிஎஸ்ஏ ரத்தத்தையும் அதுவே எடுத்து, குளிர்பெட்டியில் சித்தூருக்கோ திருப்பதிக்கோ ஒரே லேபுக்கு அனுப்பலாம். அளவு ஏறியவர் மட்டும் மருத்துவமனைக்குப் போனால் போதும். ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பு, சர்க்கரை எல்லாம் கவனிக்க வேண்டியிருப்பதால், அவர்களுக்கு நேரில் போவது அவசியம்.

என்டிஆர் வைத்திய சேவைத் திட்டத்தில் சிகிச்சைக்குப் பணம் தரும் ஆந்திர அரசு, இந்த ஐந்தாண்டு ரத்தப் பரிசோதனையையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். பரிசோதனைத் தாளில் நோயாளி அதுவரை தொட்ட மிகக் குறைந்த அளவையும், எந்த எண்ணைத் தாண்டினால் திரும்பி வர வேண்டும் என்பதையும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதித் தர வேண்டும். 104 வண்டியில் வரும் நர்ஸும் வீட்டிலிருக்கும் மருமகளும் படிக்கப்போவது அந்தத் தாளைத்தான்.