எங்கே ரூம் போடுவது?

வேலை விஷயமாகச் சென்னைக்கு ஒரு நாள் போய்வர வேண்டும் என்றதுமே "எங்கே ரூம் போடலாம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பதில் பெரும்பாலும் பழக்கத்திலிருந்து வருகிறது. எழும்பூரில் இறங்குகிறவர் கென்னத் சந்திலோ காந்தி இர்வின் சாலையிலோ ரூம் போடுகிறார். சென்ட்ரலில் இறங்குகிறவர் பெரியமேட்டுப் பக்கம் நடக்கிறார். வேலை தேடிய காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவருக்கு இன்றும் அந்தப் பக்கம்தான் கால் போகிறது. மற்றவர்கள் செல்போனில் வாடகை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, படத்தில் பார்க்கும்படி இருக்கிற முதல் விடுதியைப் பிடித்துவிடுகிறார்கள்.

ஒரு வாரம் தங்குவதென்றால் இப்படிச் செய்வதில் பெரிய நஷ்டமில்லை. இடம் சரியில்லை என்றால் மறுநாள் காலி செய்துகொண்டு வேறு இடம் பார்க்கலாம். ஒரே ராத்திரித் தங்கலில் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. தூக்கம் கெட்டாலும் வண்டி நெரிசலில் மாட்டினாலும் அது நேராக மறுநாள் வேலையில்தான் விடியும். அதனால் வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பயணத்தில் நம்மால் நகர்த்தவே முடியாத நேரம் எது? அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்க வேண்டுமோ, அதற்குப் பக்கத்தில்தான் படுக்கை இருக்க வேண்டும். மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில், ரூம் தேவைதானா என்றே கேட்டுக்கொள்ளலாம். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்தில் சென்னை. பகலில் வேலையை முடித்துக்கொண்டு மறுபடி ராத்திரி வண்டியைப் பிடித்துவிடலாம். இப்படி வருகிறவருக்கு வேண்டியது படுக்கை இல்லை. குளித்து உடை மாற்ற ஓர் இடம். ரயில் நிலைய ஓய்வறை இதற்குப் போதும். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருந்தால், பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி மூலம் முன்பதிவு செய்யலாம். பல நிலையங்களில் மணிக்கணக்கிலும் கிடைக்கிறது. கையெழுத்து வாங்கவும் சரக்குப் பார்க்கவும் வருகிறவருக்கு இந்த வழி சரி. இரண்டு மணி நேரம் நின்று பேசி ஓர் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டியவர், இரண்டு ராத்திரியையும் வண்டியிலேயே கழிக்கலாமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வந்தே பாரத் ரயில்கள் வந்தபின் இன்னொரு வகைப் பயணம் உருவாகியிருக்கிறது. கோவை–சென்னை வண்டி 2023 ஏப்ரலிலும், திருநெல்வேலி–சென்னை வண்டி அதே ஆண்டு செப்டம்பரிலும் தொடங்கின. இரண்டும் காலையில் ஊரிலிருந்து கிளம்பிப் பகலில் சென்னைக்கு வந்து, பிற்பகலில் திரும்புகிற வண்டிகள். வந்த அன்றே வேலையை முடித்து அதே வண்டியில் திரும்ப முடியாது. ஆகவே வந்தே பாரத்திலேயே திரும்ப நினைக்கிறவருக்கு ஒரு ராத்திரித் தங்கல் கட்டாயம். வேலை வந்த அன்று மாலையிலா, மறுநாள் காலையிலா என்பதைப் பொறுத்து ரூம் போட வேண்டிய இடமே மாறிவிடும். அன்று மாலையே வேலை முடிந்துவிடும் என்றால் மறுநாள் நகராத நேரம் வண்டி புறப்படும் நேரம். நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். காலை 9 மணிக்குத்தான் சந்திப்பு என்றால் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தங்க வேண்டும்.

சென்னையில் இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? வேலை இருக்கிற இடங்கள் ரயில் நிலையங்களை விட்டு வெகுதூரம் நகர்ந்துவிட்டன. ஒரு காலத்தில் 'மெட்ராஸில் வேலை' என்றால் பாரிமுனை, கோட்டை, சவுக்கார்பேட்டை, அண்ணா சாலை. இன்றைக்கு ஒருவர் ஒரகடம் ஆலைக்கு வரலாம், சிறுசேரி சிப்காட்டுக்கு வரலாம், ஸ்ரீபெரும்புதூருக்கு வரலாம். எல்லாவற்றையும் 'சென்னை' என்றே சொல்கிறோம். எழும்பூரிலிருந்து சிறுசேரி 30 கிலோமீட்டருக்கு மேல்.

ஒரகடத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து வருகிற ஒருவர் எழும்பூரில் இறங்கி, அங்கேயே ரூம் போட்டு, மறுநாள் காலை டாக்ஸி பிடித்து வந்த வழியே திரும்பிப் போகிறார். ஆனால் ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சந்திக்கிற இடம். தெற்கிலிருந்து வருகிறவருக்கு அது நகரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி அந்தப் பக்கமே தங்கினால், நகரத்துக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. சிறுசேரிக்கும் இதே கதைதான். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குச் சற்று வடக்கே வண்டலூரில் பிரியும் சாலை, கேளம்பாக்கத்தில் பழைய மகாபலிபுரம் சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து சிறுசேரி பக்கம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியபோது "ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்" என்ற புலம்பல் எழுந்தது. பாரிமுனைக்குப் போகிறவருக்கு அது நியாயமான புலம்பல். ஒரகடத்துக்கும் சிறுசேரிக்கும் போகிறவருக்கு அதுவே வசதி.

உயர் நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவருக்குக் கணக்கு வேறு. நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அதனால் சென்ட்ரல், எழும்பூர் சுற்றுவட்டாரம் அவருக்குப் பொருத்தம். கிண்டியிலோ ஆலந்தூரிலோ தங்கினாலும் பாதகமில்லை. மெட்ரோ போகிற இடங்களுக்கு இடையே தூரம் பெரிய விஷயமில்லை. வண்டி காலை 5 மணிக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது. இத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்று நம்பிக் கிளம்பலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் இந்த நம்பிக்கைக்கு இடமில்லை. 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு வழித்தடம் அந்தச் சாலையை ஒட்டித்தான் சிறுசேரி வரை போகிறது. அது முடியும் வரை காலை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். மெட்ரோ உள்ள இடமென்றால் தள்ளித் தங்கலாம். சாலையை மட்டும் நம்பிய இடமென்றால் ஒட்டித் தங்க வேண்டும்.

டிக்கெட்டில் இறங்குமிடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணிகளுக்காகச் சில ரயில்களைத் தற்காலிகமாகத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். பழக்கத்தில் எழும்பூர் என்றே நினைத்து ரூம் போட்டவர், அதிகாலையில் தாம்பரத்தில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

இடம் முடிவானதும் பார்க்க வேண்டியது விடுதியின் நாள் கணக்கு. பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. காலை 6 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை 6 மணிவரை ரூம் நம்முடையது. பெரிய ஓட்டல்கள் பலவற்றில் பகல் 12 மணியோடு நாள் முடிகிறது. புது ஆளை உள்ளே விடுவது அதற்கும் பிறகு. விடிகாலையில் வந்திறங்குகிறவர் நட்சத்திர ஓட்டலில் அன்றைய தேதிக்குப் பதிவு செய்திருந்தால், குளிக்காமல் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருக்க நேரும். 11ஆம் தேதி காலை 5 மணிக்கு வருகிறவர் அங்கே 10ஆம் தேதி ராத்திரிக்குத்தான் பதிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்து 11ஆம் தேதி ராத்திரியும் தங்கினால் இரண்டு நாள் வாடகை. அவருக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் லாபம். ராத்திரி 10 மணிக்கு வந்து காலை 8 மணிக்குக் கிளம்புகிறவருக்கு எந்தக் கணக்கானாலும் ஒன்றுதான்.

இதற்கு அடுத்ததாகத்தான் ரூமின் தரம் வருகிறது. ஒரு ராத்திரிக்கு நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் எதற்கு? வேண்டியது தூக்கம், வெந்நீர், காலையில் ஒரு நல்ல காபி. இவற்றை ஆப்பில் உள்ள படங்கள் சொல்லாது; ரிசப்ஷனுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ரூம் ரோட்டைப் பார்த்து இருக்கிறதா, பின்பக்கமா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, அதில் ஏசி ஓடுமா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பல லாட்ஜ்களில் 'வெந்நீர் காலை 6 முதல் 9 வரை' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஐந்தரைக்குக் குளித்துக் கிளம்ப வேண்டியவர் அதை ராத்திரி 11 மணிக்குச் சாவி வாங்கும்போது படித்து என்ன பயன்? தினசரி காலண்டரையும் பார்த்துவிடுவது நல்லது. முகூர்த்த நாளென்றால் மண்டபத்துக்குப் பக்கத்து விடுதிகளை எல்லாம் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்திருப்பார்கள். மிச்சம் கிடைக்கிற ஒரு ரூமில் விடிவதற்கு முன்பே நாதஸ்வரம் எழுப்பிவிடும்.

தனியாக வருகிற பெண்ணுக்குக் கேள்விகள் இன்னும் சில. ராத்திரி முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருக்கிறார்களா, பெரிய ரோட்டிலிருந்து வாசல் எவ்வளவு தூரம், அந்தத் தெரு ராத்திரி 11 மணிக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் வாடகைக்கு முன்னால் வருகிற விஷயங்கள். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கம் என்ற விதியை இந்தப் பதில்களுக்காகத் தளர்த்தலாம். அதில் தவறே இல்லை. யாராக இருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் நகல் கொடுப்பதானால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற, மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சொந்தக்காரர் வீடு என்ற கேள்வி தமிழ்நாட்டில் தப்பாமல் வரும். "இங்க நாங்க இருக்கும்போது நீ லாட்ஜ்ல தங்குவியா? ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்று சித்தி போனில் கோபித்துக்கொள்வார். அந்தக் கோபத்தில் பாசமும் இருக்கிறது, கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் போனால் ராத்திரி 12 மணிவரை பேச்சு. காலையில் இட்லி வேகாமல் விட மாட்டார்கள். பெரம்பூரில் இருக்கிற சித்தி வீட்டிலிருந்து சோழிங்கநல்லூருக்கு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். வேலை வந்த அன்றே முடிந்து மறுநாள் சாவகாசமாகத் திரும்புகிற பயணமென்றால் தாராளமாகப் போகலாம். காலையில்தான் வேலை என்றால், "சித்தி, வேலை முடிஞ்சு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கடைசியில் பணம். எழும்பூரில் 1,500 ரூபாய் ரூம், சிறுசேரிப் பக்கம் 2,200 ரூபாய் ரூம் என்று வைத்துக்கொள்வோம். 700 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். காலை நெரிசலில் 30 கிலோமீட்டர் டாக்ஸி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் போய்விடும். வரியும் விலையில் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேல் 18 சதவீதம். ஆகவே 7,500-ஐ ஒட்டிய வாடகை சொன்னால், அது எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்பது பயனுள்ளது.

பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் அலுவலகம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஆணை, ஓட்டல் வாடகைக்கான வரம்பை உயர்நிலை அலுவலர்களுக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் என்றும், ஐந்தாம் நிலை வரையிலான ஊழியர்களுக்கு 450 ரூபாய் என்றும் வைத்தது. தனியார் நிறுவனங்களிலும் இதே அமைப்புதான்: ரூமுக்கு ஒரு வரம்பு, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு வேறொரு வரம்பு, சாப்பாட்டுக்கு பேட்டா. ரூமுக்கும் வண்டிக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும்போது, 1,500 ரூபாய் வரம்புக்குள் அடங்குகிற தூரத்து ரூமை எடுத்துவிட்டு, டாக்ஸி பில்லை இன்னொரு பெட்டியில் போடுவதுதான் ஊழியருக்குச் சுலபம். கணக்குப் பிரிவும் கேள்வி கேட்பதில்லை. மொத்தச் செலவு கூடியிருக்கிறது, ஆளும் களைத்துப் போயிருக்கிறார், இருந்தும் விதி மீறப்படவில்லை. பேட்டா மொத்தமாகக் கையில் வருகிற இடத்தில் இன்னொரு கோணல்: மிச்சம் பிடித்தால் தன் பைக்கு என்பதால் விற்பனைப் பிரதிநிதி எட்டாத தூரத்தில் மலிவு ரூமைத் தேடுகிறார்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ரூமையும் உள்ளூர் வண்டியையும் சேர்த்து ஒரே வரம்பாக நிறுவனங்கள் வைக்க வேண்டும். அந்தத் தொகைக்குள் எங்கே தங்குவது என்பதை, மறுநாள் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்த ஊழியரிடமே விட்டுவிடலாம். செலவு அப்படியே இருக்கலாம், சற்றுக் குறையவும் செய்யலாம். எப்படியானாலும் அனுப்பிய ஆள் சந்திப்புக்குத் தூங்கி எழுந்த முகத்தோடு, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவார்.