ஊஞ்சலைத் தாண்டிப் போகிறவர்கள்

பாங்காக் போகும் நம்மூர்க்காரர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் அரண்மனையும் மரகதப் புத்தரும். அடுத்து வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் பொன்னிறப் புத்தர். மாலையில் சாவ் பிரயா ஆற்றைக் கடந்தால் வாட் அருண். மிச்சப் பொழுதெல்லாம் கடைவீதிக்கு. எல்லாமே பார்க்க வேண்டியவைதான், குறையில்லை.

ஆனால் வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே, சாலை நடுவே, வானளாவி நிற்கும் சிவப்புத் தேக்குத் தூண்களை அநேகர் துக்துக்கில் போகிறபோக்கில் பார்த்ததோடு சரி. அது ராட்சத ஊஞ்சல். 1784-இல் மன்னர் முதலாம் ராமர் காலத்தில் நிறுவியது. திருவிழாவில் ஆட்கள் அதில் ஏறி உயர உயர ஆடி, கழியில் தொங்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம்! விபத்துகளும் நடந்தன, 1935-க்குப் பிறகு ஆட்டம் இல்லை.

அந்த விழாவின் பெயர்தான் வேடிக்கை: திரியம்பாவாய். நம் திருவெம்பாவையேதான். மார்கழியில் நாம் பாடுவதை, அருகிலுள்ள பிராமணர் கோயிலில் தலைமுறை தலைமுறையாக ஓதிவருகிறார்கள். தமிழ்க் காதுக்கு அது சட்டென்று பிடிபடாது.

தமிழ்த் தொடர்புள்ள இடங்களில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில் இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று தாய்லாந்துக்காரர்களும் சாமந்தி மாலையோடு கூட்டங்கூட்டமாக வருகிறார்கள்.

ஊஞ்சலைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சாம் யாட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.