தணிக்கையாளருக்கு ஏணி எங்கே?

பத்து ஒன்பதுகளை வரிசையாக எழுதினால் ஒரு செல்போன் எண். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஒரே எண்ணின்மீது 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தனர்! 2023-இல் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை இதை அம்பலப்படுத்தியது. செல்போன் எண்ணை வைத்துப் பயனாளியின் தகுதியை முடிவு செய்வதில்லை என்று சர்க்கார் சமாதானம் சொல்லிற்று. சமாதானம் ஒருபுறம் இருக்கட்டும். இதைக் கண்டுபிடித்தவர்களின் கதி என்ன என்பதே நம் கேள்வி.

வவுச்சர் கட்டை அவிழ்த்து டிக் போடுகிறவர் கண்ணில் இது படாது. கோடிக்கணக்கான பதிவுகளை அப்படியே வாங்கி, ஒரே எண் எத்தனை பேருக்கு வந்திருக்கிறதென்று கம்ப்யூட்டரைத் தாமே கேட்கத் தெரிந்தவருக்குத்தான் படும். பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது, மென்பொருளை மாற்ற அனுமதித்தவர் யார், செய்த திருத்தத்தின் சுவட்டை அழிக்க முடியுமா என்றெல்லாம் அவர் துருவ வேண்டும். துருவத் தெரியாதவர், இலாகா அச்சிட்டுக் கொடுக்கும் தாளையே கணக்கென்று நம்ப வேண்டியதுதான்!

பயிற்சியே இல்லை என்று நாம் கூறவில்லை. நொய்டாவில் 2002 முதல் இதற்கென ஒரு சர்வதேச மையம் நடக்கிறது. பிற நாட்டுத் தணிக்கையாளர்களும் வந்து கற்றுப் போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சில வாரப் படிப்பு தொழிலாகிவிடுமா? 1978-இல் ஏற்பட்ட 'சிசா' என்ற சர்வதேசச் சான்றைப் பாருங்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. சில விலக்குகள் நீங்கலாக, ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். சான்று பெற்ற பின்னும் மூன்றாண்டுக்கு 120 மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும். நொய்டாவில் கற்றவர் அடுத்த மாற்றல் உத்தரவில் நிர்வாகப் பிரிவுக்குப் போய் லீவு மனுக்களைப் புரட்டினால், அந்த ஐந்தாண்டு எப்போது சேரும்?

இந்த வேலையிலேயே இருந்து உயர வழி வேண்டும் என்கிறோம் நாம். பதிவுகளை அலசத் தொடங்கியவர், பிறகு ஒரு மென்பொருளையே சோதிப்பவராகி, பின்னர் குழுவை நடத்த வேண்டும். பதவி உயர்வுக்காக இதை விட்டு ஓடும்படி வைக்கக் கூடாது. தேர்வுக் கட்டணத்தையும் படிப்பு விடுப்பையும் சர்க்காரே தரட்டும். இதே சான்றுக்காரரை வங்கிகளும் ஆலோசனைக் கம்பெனிகளும் தேடிக்கொண்டிருக்கின்றன என்பது நிதி மந்திரிக்குத் தெரியாததல்ல.