தற்காப்புத் துப்பாக்கி: எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்யணும்? அதில் என்ன ஆபத்து?

2025 ஜனவரி 10-ம் தேதி இரவு, பஞ்சாப் மாநிலம் லூதியானா மேற்கு தொகுதியின் ஆம் ஆத்மி எம்.எல்.ஏ. குர்பிரீத் கோகி தன் வீட்டில் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக வெடித்துவிட்டது என்று குடும்பத்தினர் கூறியதாகப் போலீசார் தெரிவித்தனர். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2024 அக்டோபர் 1 அதிகாலையில், மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய சொந்த ரிவால்வரே சுட்டது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் எடுத்து வைக்கும்போது கை நழுவிக் கீழே விழுந்து வெடித்தது என்றார் அவரது மேலாளர்.

இரண்டு பேரும் துப்பாக்கி வைத்திருந்தது பாதுகாப்புக்காக. வெளியாள் யாரும் வீட்டுக்குள் வரவில்லை. ஆனாலும் குண்டு பாய்ந்துவிட்டது.

அப்படியானால் துப்பாக்கியைத் தொடாமலே பீரோவில் வைத்துவிட்டால் போதுமா? போதாது. அங்கேதான் சிக்கலே.

சுடாத துப்பாக்கி ஏன் அழுக்காகுது?

துப்பாக்கி சுட்டால்தான் கரி படியும், சுடாவிட்டால் புதுசு மாதிரியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் துப்பாக்கிக்கு எதிரி வெடிமருந்துக் கரி இல்லை. வியர்வை, சட்டையிலிருந்து உதிரும் நூல் துகள், தூசு. வியர்வையில் இருக்கும் உப்பு இரும்பைத் தின்னும். போட்ட எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, காய்ந்து போகும். மிச்சம் இருக்கும் பிசுக்கில் தூசு ஒட்டிக்கொண்டு கெட்டியாகும்.

தோல் உறையிலேயே போட்டு பீரோவில் பூட்டுவது இன்னொரு பழக்கம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் ரசாயனமும் அதில் மிச்சம் இருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊரில், மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் உறை பட்ட இடத்தில் செம்புள்ளி பூத்திருக்கும். உறை வேறு, துப்பாக்கி வேறு என்று பிரித்து வைப்பதுதான் சரி.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

ஆஸ்திரியாவின் க்ளாக் நிறுவனம் தன் கையேட்டில் சொல்வது எளிமையானது. புதிதாக வாங்கியதும் முதன்முறை சுடுவதற்கு முன்பு, ஒவ்வொரு முறை சுட்ட பிறகு, சுடவே இல்லை என்றாலும் மாதம் ஒருமுறை. மழையிலோ வியர்வையிலோ நனைந்தால் காத்திருக்காமல் உடனே.

இந்தியாவில் 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்குக் கிடைக்காது. அது தடை செய்யப்பட்ட ரகம். இங்கே லைசென்ஸ்தாரர்களிடம் அதிகம் இருப்பது .32 ரிவால்வரும் பிஸ்டலும்தான். 2014-ல் கான்பூரிலிருந்து பெண்களுக்கென்று அறிமுகமான ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32 ரகம்தான். ரகம் எதுவானாலும் ‘மாதம் ஒருமுறை’ கணக்கு பொருந்தும். தினமும் உடம்போடு வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடலாம்.

அதற்காக உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். இன்றைய பிஸ்டல்கள் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் வேலை செய்யும். முன்பக்க வாயிலிருந்து பிரஷை முரட்டுத்தனமாக விட்டுத் தேய்த்தால் குழலின் விளிம்பு தேயும், குறி தவறும். எண்ணெயும் அப்படித்தான், ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவுகிறவர்களும் உண்டு. வேண்டாம். அது நாளாக ஆகப் பிசினாகிவிடும். கன் ஆயில் கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ தேவலாம்.

ரிவால்வரில் பலர் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடிப்பகுதி. சரியாக எரியாத மருந்துத் துகள் நாலஞ்சு அங்கே சிக்கினால் போதும், சிலிண்டர் சரியாக மூடாது, சுற்றாது. பிஸ்டலில் அதே மாதிரி கவனிக்கப்படாத இடம் மேகசின்.

ஆபத்து எங்கே?

அழுக்குத் துப்பாக்கியைவிட, சுத்தம் செய்ய உட்காரும் அந்தப் பத்து நிமிஷம்தான் ஆபத்து. பிஸ்டலில் மேகசினை உருவிவிட்டால் காலி ஆகிவிட்டது என்று மனசு நம்பிவிடும். ஆனால் குழலின் பின்னறையில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே நிற்கும். க்ளாக் போன்ற சில பிஸ்டல்களைக் கழற்றுவதற்கு முன் விசையை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். உள்ளே தோட்டா இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசின். பிறகு மேல்பகுதியை இழுத்து அறையைக் காலி செய்வது. அதன்பின் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்வது. வரிசை தலைகீழானால், தோட்டாவை வெளியே எடுத்த அதே நொடியில் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருவது இன்னும் நல்லது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும், சுட்ட துப்பாக்கியின் கரியில் ஈயம் இருக்கும்.

பழைய ரிவால்வர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கீழே விழுந்தால் சுத்தியல் தோட்டாவைத் தட்டாமல் தடுக்கும் அமைப்பு பல பழைய மாடல்களில் கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையை மட்டும் காலியாக விடும் வழக்கம் வந்தது. தாத்தா காலத்து ரிவால்வரை லைசென்ஸ் மாற்றி வைத்திருப்பவர்கள், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வீட்டிலேயே அரம் வைத்து ராவும் வேலை கூடாது.

தோட்டாவுக்கும் வயசு உண்டு. ஒரே தோட்டாவைத் தினமும் அறைக்குள் ஏற்றி இறக்கினால் ஈய முனை பித்தளைக் கூட்டுக்குள் சற்றே அழுந்திவிடும். சுடும்போது அழுத்தம் எகிறும். சுத்தம் செய்யும்போது பக்கத்தில் ஒரு புதுத் தோட்டாவை வைத்து நீளம் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தோட்டாவின் அடிப்பக்கம் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். எண்ணெய் உள்ளே இறங்கினால் அது வெடிக்காமலே போகலாம்.

தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி

தமிழ்நாட்டில் லைசென்ஸ்தாரர்கள் பலருக்கும் துப்பாக்கியை வெளியே எடுக்கும் ஒரே சந்தர்ப்பம் தேர்தல்தான். வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற விலக்கு பெற்றவர்கள் தவிர மற்றவர்களை, தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது இங்கே வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16-ல் அறிவிப்பு, ஜூன் 4-ல் வாக்கு எண்ணிக்கை. இடையில் 80 நாள். கோடைப் புழுக்கம் முழுவதும் துப்பாக்கி ஏதோ ஒரு அலமாரியில் கிடந்திருக்கும்.

கொடுக்கும் முன்பு நன்றாகத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, தோல் உறை இல்லாமல் கொடுப்பது புத்திசாலித்தனம். திரும்ப வாங்கியதும் காலியாகத்தான் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து சுத்தம் செய்யாமல் தோட்டா ஏற்றவும் கூடாது. குழலுக்குள் கெட்டியான எண்ணெயோ, யாரோ விட்டுப்போன துணித் துண்டோ அடைத்திருந்தால், அதன்மேல் சுடும்போது குழலே பிளந்துவிடும்.