உத்தியோகஸ்தர் வரும் நாள்

மேட்டூர் அணை ஜூன் மாதம் 12-ந் தேதி திறக்கப்படுவது காவிரி டெல்டாவில் நெடுநாளைய வழக்கம். அத்தேதியை நம்பியே குறுவைக்கு விதை வாங்குவதும், நாற்று விடுவதும், நடவாட்களுக்குச் சொல்லி வைப்பதும் நடைபெறுகின்றன. 2020-ஆம் வருஷத்தில், எட்டு ஆண்டுகள் தவறிய பின்னர், அதே தேதியில் நீர் திறக்கப்பட்டது. 2024-ஆம் வருஷத்திலோ ஜூலை 28 வரை தாமதித்தது. தாமதம் துன்பந்தான், ஆயினும் ஜூனில் தண்ணீர் இல்லையென்று முன்னரே அறிந்த குடியானவர் குறுவையை விட்டுச் சம்பாவுக்கு ஆயத்தமாகலாம். நாளை வரும், மறுநாள் வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நாற்றை முற்றவிட்டவருக்கே நஷ்டம் இரட்டிப்பாகிறது.

தண்ணீருக்குச் சொன்ன இந்நியாயம் கிராமத்துக்கு வரும் உத்தியோகஸ்தருக்கும் பொருந்தும். முன்னாளில் கர்ணமும் மணியக்காரரும் ஊரோடு இருந்தவர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் சென்றால் காணலாம். 1980-ஆம் ஆண்டில் அப்பரம்பரை உத்தியோகங்கள் நீக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமனம் பெற்றனர். இவர்களில் பலரிடம் பக்கத்துக் கிராமத்தின் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. உதவி வேளாண்மை அலுவலருக்கோ கிராமங்கள் பல. குடிகளின் எதிர்பார்ப்பு மட்டும் திண்ணைக் காலத்திலேயே நிற்கின்றது. ஓர் அடங்கல் நகலுக்காக நடவுச் சமயத்தில் இரண்டு மூன்று நாள் அலைபவர் உண்டு. ஆள் கிடைப்பதே அரிதான அந்நாட்களில் அவர் வயலில் இல்லாமற்போன நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவாரில்லை.

கைத்தொலைபேசி இக்குறையைத் தீர்க்கும் என்று எண்ணப்பட்டது. ஓரளவு தீர்த்தது; ஓரளவு வளர்த்தும் விட்டது. "ஐயா, எங்கிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "இதோ வந்துகொண்டிருக்கிறேன்" என்னும் விடை பெரும்பாலும் தாட்சணியத்தால் பிறப்பது. அதை நம்பி ஒருவர் தம் முறைத் தண்ணீரை அடுத்த வயலுக்கு விட்டுவிட்டு வரப்பில் காத்திருப்பார். உத்தியோகஸ்தரோ வேறோர் ஊரில் புகையான் விழுந்த பயிரின் தூரைப் பிரித்துப் பார்க்குமுன் நாலு முறை தொலைபேசியை எடுத்துப் பேசியிருப்பார். "இன்று வர இயலாது, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருவேன்" என்பது கேட்பதற்குக் கடுமையாயிருக்கலாம். ஆனால் கேட்டவருக்கு அன்றைய பொழுது மிஞ்சும். இவ்விரண்டில் மரியாதையான விடை எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

குறித்த நாளில் வருதல் புதிய யோசனையன்று. இஸ்ரேல் தேசத்து நிபுணர் டேனியல் பெனோர் வகுத்த பயிற்சி-பார்வையிடல் முறை, 1974-இல் சம்பல் பாசனப் பிரதேசத்தில் தொடங்கி, 1980-களில் தமிழ்நாட்டிலும் நடைபெற்றது. ஊழியர் தம் குடிகளை எட்டுப் பிரிவாக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு பிரிவையும் குறித்த கிழமையில் காண வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அம்முறையில் குற்றங்கள் இருந்தன. செலவு மிகுதி, எல்லா ஊருக்கும் மேலிருந்து வந்த ஒரே பாடம், தொடர்பு விவசாயி கேட்டது அண்டை வயலுக்குப் போய்ச் சேராமை. இக்குற்றங்களுக்காக முறை கைவிடப்பட்டபோது கிழமையும் கூடப் போய்விட்டது. அதுதான் பரிதாபம், கிழமை ஒரு குற்றமும் செய்யவில்லை.

கிழமை குறித்தால், "இன்று என் நாளன்று" என்று உத்தியோகஸ்தர் தட்டிக்கழிப்பார் என்று ஓர் ஆட்சேபம் சொல்லப்படுகிறது. அப்படிச் செய்பவர் இருக்கலாம். ஆனால் குறித்த நாளில் அவர் வராவிட்டால் ஊரார் அனைவரும் அறிவர். இப்பொழுது அவர் எந்த நாளில் வரவில்லை என்று யாரும் சொல்ல இயலாது. உண்மையான தடை வேறொன்று. நிலம் மிகுந்த மிராசுதாரர்கள் சிலர், நினைத்த வேளையில் உத்தியோகஸ்தரைத் தம் வீட்டுக்கே அழைப்பதைக் கௌரவமாகக் கருதுகின்றனர். அவ்வழைப்புக்குச் செல்லும் ஒவ்வொரு மணியும் அரை ஏக்கர்க்காரரின் பங்கிலிருந்து கழிவது. ஊரில் முதல்வராயிருப்போர் தாமே பொது இடத்துக்கு வந்து முறைப்படி அமர்ந்தாலன்றி இவ்வேற்பாடு நிலைக்காது.

வேளையைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். காலை பத்து மணி அலுவலகத்துக்குச் சௌகரியம். வயலில் இருப்பவருக்கு அன்று. களையெடுப்பும் நடவும் முடித்து வரும் பெண்களும் கேட்கத்தக்க பிற்பகலே நலம். மண் பரிசோதனைக்கு மாதிரி, நோய் கண்ட செடி, சிட்டா முதலியவற்றை அன்றே கொண்டுவரச் சொன்னால் இரண்டாம் நடை மிச்சமாகும். விதையளவு, உரவளவு போன்ற பொதுக் கேள்விகளுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்னும் எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றிக் கேட்கலாம்.

சில காரியங்கள் கிழமைக்குக் காத்திரா. பூச்சி திடீரெனப் பெருகுதல் ஒன்று. பயிர்க் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு நேரும் சேதம் மற்றொன்று; 2016-இல் வந்த பிரதம மந்திரி திட்டப்படி சிலவகைச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இவற்றுக்கு எவ்வேளையிலும் அழைக்கலாம் என்று பலகையிலேயே எழுதிவிட வேண்டும். மற்றவற்றுக்குத் தொலைபேசி ஓய்ந்திருந்தால்தான் இவ்வழைப்பு காதில் விழும்.

பலகைக்குப் பணம் யார் கொடுப்பது என்ற வழக்கு சில ஊர்களில் எழக்கூடும். கூட்டுறவுச் சங்கத்தின் வெளிச்சுவரில் இரண்டு முழத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, கிழமை, மணி, இடம், வர இயலாத நாள் ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் எழுதினால் போதும். வர இயலாமையை முதல் நாள் மாலைக்குள் சங்கத்து எழுத்தருக்குச் சொல்லிவிட்டால் அவரே திருத்திவிடுவார்.