கருப்பு பீர் குடிச்சா ரத்தம் ஊறுமா?

திருமழபாடி போயிருந்தப்ப, கொழும்புல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் கேட்டார்: "டாக்டர், லயன் ஸ்டவுட் கொண்டாந்திருக்கேன். பிரசவமான தங்கச்சிக்கு ரத்தம் ஊறும், பால் சுரக்கும்ங்கறாங்க. கொடுக்கலாமா?"

கொடுக்கவே கூடாது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல பீருக்கு நியாயமா மார்க் போட்டுடுவோம். நானும் குடிச்சுப் பாத்திருக்கேன். பிரிட்ஜ் குளிர் கொஞ்சம் தணிஞ்சதும் காபி, டார்க் சாக்லேட் வாசனை. கடைசியில கருப்பட்டி மாதிரி ஒரு கசப்பு கலந்த இனிப்பு. பிரிட்டிஷ் பீர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லீங்க!) இதைப் புகழ்ந்தது சும்மா இல்ல. ருசிக்கு என் ஓட்டும் உண்டு.

மருந்துன்னு பாத்தா பூஜ்யம்தான். அந்தக் கருப்பு, கருக வறுத்த பார்லியோட நிறம். இரும்புச்சத்து இல்ல. உடம்புக்கு நல்லதுன்னு கின்னஸ் 1929-ல ஆரம்பிச்ச விளம்பரத்தோட மிச்சம்தான் இந்த நம்பிக்கை. ஒரு பைன்ட் ஸ்டவுட்ல அரை மில்லிகிராம் இரும்புகூட தேறாது. அரசு தர்ற மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம்!

பாலும் ஊறாது. ஆல்கஹால், பாலை வெளியே தள்ளுற ஆக்ஸிடோசினைக் குறைக்கும். அதோட தாய்ப்பால்லயும் கலக்கும்.

பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் இரும்பு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். தங்கச்சிக்கு அதை வாங்கிக் கொடுங்க தம்பி.

நீங்களும் பாத்துக் குடிங்க. இது 8.8%. 330 மில்லி குடிச்சாலே 23 கிராம் ஆல்கஹால், சாதா 5% பீர் பெரிய பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட சமம்.